கேட்டில் மூன்று நாள்

எங்கள் லாரி ஆபீஸில் கணக்கரை ‘டன்’ என்றுதான் கூப்பிடுவோம். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் அல்ல, ஆள் ஒல்லிதான். எதைப் பார்த்தாலும் அதில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடுவார். தன் வீட்டு பீரோவை மாடிக்கு ஏற்றியபோதும் சொன்னார். சுமந்துகொண்டிருந்தவன் நான். எரிச்சலாக வந்தது. கணக்கு என்னவோ சரிதான்.

போன மாதம் காற்றாலைத் தொழிற்சாலை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. காற்றாலை இறக்கைகளை இனி வாயு நிரப்பிப் பறக்கும் ஆகாயக் கப்பலில் அனுப்பினால் என்ன, இரண்டு செலவையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்றது. கப்பல் மலிவென்றால் எங்கள் ட்ரெய்லர்கள் ஓரங்கட்டப்படும். அதில் ஒன்றை ஓட்டுபவர் டன்னின் தங்கை புருஷன். அந்தச் சம்பளத்தில்தான் தங்கை வீட்டில் அடுப்பு எரிகிறது.

கப்பல் கம்பெனியின் விலைப்பட்டியலில் வாயு, சம்பளம் எல்லாவற்றோடும், ‘காற்று அடங்கும்வரை காத்திருக்க, மணிக்கு இவ்வளவு’ என்று ஒரு வரிசை இருந்தது. எங்கள் படிவத்தில் அப்படி ஒன்று கிடையாது. மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, தொழிற்சாலை கேட்டில் சரக்கேற்ற எத்தனை நாள் நிற்பீர்கள் என்று கேட்டார். மூன்று நாள், பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் என்றார் மாப்பிள்ளை. அதற்குக் காசு உண்டா என்றதற்குச் சிரித்தாராம்.

அந்த மூன்று நாளுக்கும் கூலி போட்டுச் சேர்த்தால் கப்பல் நூற்றுக்கு நாலு மலிவு. சேர்க்காவிட்டால் லாரி நூற்றுக்கு ஆறு மலிவு. தங்கச்சியை நினைத்தாவது சேர்க்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கழுத்தை அறுத்தாலும் அவருக்குக் கணக்கில் பொய் எழுத வராது. சேர்த்துவிட்டார்.

முதலாளி தாளைப் பார்த்தார்.

“நிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்டு, சிவப்புப் பேனாவால் அந்த வரிசையை அடித்தார். டன் வாயைத் திறந்தார். தங்கை ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

லாரி ஜெயித்தது. மறுவாரம் மாப்பிள்ளையின் போன் வந்தது. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“மச்சான், உங்க கணக்குதான் எங்களக் காப்பாத்துச்சாம். சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“இப்ப எங்க இருக்கீங்க மாப்ள?”

“கேட்லதான். இன்னிக்கு மூணாவது நாள்.”

டன் போனை வைத்தார். வெட்கமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். சேர்க்காதீர்கள் என்று சொன்னவன் நானாச்சே.