பதினாறு பக்கம்

கல்லூரிப் பாடப்புத்தகம் விற்கும் வேலையில் இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. கோடவுனில் பெட்டி கட்ட வந்தவன், பிறகு கல்லூரி கல்லூரியாகப் போய் ஆர்டர் பிடித்தேன். இப்போது புத்தகம் அனுப்பிவைக்கும் பொறுப்பும் என்னுடையது. நான் படித்தது ஒன்பதாவது. உள்ளே எழுதியிருப்பது எனக்குப் புரியாது. பக்க எண் புரியும். புது லாட் வந்தால் ஒரு பிரதியை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை எண்ணை மட்டும் பார்த்துவிடுவேன். பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

ஒரு முறை பார்க்கவில்லை. விவேக் நகர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரி. வகுப்பு தொடங்கிவிட்டதே என்ற பதற்றத்தில், அச்சகத்திலிருந்து நேராக அங்கேயே இறக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, அங்கே பாடம் நடத்தும் மேடம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"சார், நூத்தி அறுபதுக்கு அப்புறம் நேரா நூத்தி எழுபத்தேழு. எல்லா புக்லயும் இப்படித்தான். பொறந்த குழந்தையப் பாத்துக்கிற சாப்டரே இல்ல. நாளைக்கு அதுலதான் டெஸ்ட்டு."

மற்றவர்கள் பழைய புத்தகமே போதும் என்றபோது, இதுதான் வேண்டும் என்று துறையில் தனியாக நின்றவர் அவர். இனி அவரை என்ன சொல்வார்கள்? அடுத்த வருடப் பட்டியலில் இந்தப் புத்தகம் இருக்குமா? என்னை நம்பியதற்கு அவர் தலைகுனிய வேண்டுமா? வண்டியில் போகும்போது ஒவ்வொரு சிக்னலிலும் இதே நினைப்புதான்.

மாற்றுப் பிரதிகள் வரப் பத்து நாள் ஆகும். ஆபீஸில் முந்தைய அச்சில் ஒரு முழுப் பிரதி கிடந்தது. அதிலிருந்து அந்தப் பதினாறு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, பசையும் வாங்கிக்கொண்டு போனேன். லைப்ரரியில் முப்பத்திரண்டு மாணவிகளும் உட்கார்ந்து ஒட்டினார்கள். மேடத்தின் பிரதியை நான் ஒட்டினேன். நடுநடுவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஸாரி சொன்னா பசை காயாது சார்," என்றார் மேடம். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் புக்க மூடி அதுமேல உக்காருங்க. வெயிட்டு வச்சாத்தான் ஒட்டும்."

ஒருத்தி பதறி எழுந்தாள்.

"புக்கு மேலயா? சரஸ்வதி, மேடம்!"

"சரஸ்வதி கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லு. உக்காருடி."

எல்லோரும் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டிருந்தவளும் ஒற்றிக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"நீங்க ஏன் சார் நிக்கிறீங்க?"

"எம்மேல சரஸ்வதி ஏற்கெனவே கோவமாத்தான் இருக்கா மேடம். ஒன்பதாவதோட நின்னுட்டேன்."

எந்தக் கல்லூரியிலும் நான் சொல்லாத விஷயம் அது. எப்படியோ வாயில் வந்துவிட்டது. பெண்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"அப்போ நெஞ்சோட சேத்து அழுத்திப் புடிங்க."

பிடித்துக்கொண்டேன். அவர் பாடத்தைத் தொடங்கினார். பிறந்த குழந்தையை ஈரம் போகத் துடைத்து, அம்மாவின் வெறும் நெஞ்சில் கிடத்த வேண்டும். அந்தச் சூடு அதற்குப் போதும் என்றார். இத்தனை வருடத்தில் நான் விற்ற புத்தகத்தில் எனக்குப் புரிந்த முதல் பக்கம் அதுதான்.

பாடம் முடிந்ததும் என்னிடமிருந்து பிரதியை வாங்கி, ஒட்டிய தாளை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"நிக்குது. அடுத்த வருஷம் அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவ பாத்துடுங்க."

"அடுத்த வருஷமும் இதே புக்குங்களா மேடம்?"

"பின்ன?"

"ஒண்ணு விடாம எல்லாத்தையும் பாத்துடறேன் மேடம்."

"பெட்டிக்கு ஒண்ணு போதும் சார். போய் மொதல்ல ஒரு டீ குடிங்க."