துண்டு கேட்காத அறை

அன்று பிற்பகல் செய்தி வந்தபோது நான் அலுவலக வேலையாகப் போய்த் தெரணியகலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, மழைக்காக ஒரு கடையோரம் ஒதுங்கி நின்றேன். தொழிற்சாலைக் காவற்காரர்தான் தொலைபேசியில் பேசினார். “நம்ம ஜெசிந்தாக்கா போயிட்டாங்க மிஸ். அவிசாவளை ஆஸ்பத்திரிக்குத் த்ரீவீல்ல கொண்டு போறப்பவே முடிஞ்சிருச்சாம். நெஞ்சு வலியாம்.” எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். ஏன் என்பதை உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் அக்கா சல்லடை அறைப் பெண்களுக்கு மேற்பார்வையாளர். நான் அலுவலகக் கிளாக்கர். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மண் சரிந்த வருடம் நாங்கள் கட்டிய துணியோடு தப்பினோம். பக்கத்து வீட்டார் தப்பவில்லை. ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தேன். கொழுந்து அரைக்கும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் மலைதான் மறுபடி இறங்குகிறது என்று நினைத்து மேசைக்கடியில் புகுந்துவிட்டேன். படித்த பெண், கிளாக்கர், மேசைக்கடியில். அன்று சிரித்தவர்களை இன்றைக்கும் பெயர் பெயராகச் சொல்வேன்.

அக்கா சிரிக்கவில்லை. கையைப் பிடித்து என்னை வெளியே கூட்டிப் போனார். தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் நல்ல மனிதர்தான், ஆனால் ஒழுங்கு என்றால் ஒழுங்கு. வேலை நேரத்தில் சற்று உட்கார வேண்டுமானாலும் டிஸ்பென்சரியிலிருந்து காரணம் எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்தத் துண்டு எப்படிப் பயணம் செய்யும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். காவற்காரர், கங்காணி, கணக்கப்பிள்ளை என்று எல்லார் கையிலும் ஏறி இறங்கி, அலுவலகத்துக்கு வருமுன் விஷயம் லயத்துக்குப் போய்விடும். ஒருத்தி கர்ப்பமானது அவள் மாமியாருக்கு முன்பே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தெரிந்ததும் நடந்திருக்கிறது.

“பயமா இருக்குன்னு துண்டுல எழுத முடியுமா மஹத்தயா?” என்று அக்கா டீமேக்கரிடம் கேட்டார். “எழுதினா அந்தப் புள்ளைய எல்லாரும் பைத்தியம்னு சொல்லுவாங்க. ஒரு ரூம் குடுங்க. யார் வந்தாலும் நான் பொறுப்பு.”

கிடைத்தது பின்புறத்துப் பழைய உர ஸ்டோர். வாடையில் கண் எரியும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், பூசை முடிந்த கையோடு வந்து அக்காவே சுண்ணாம்பு அடித்தார். உட்கார ஒரு வாங்கு, படுக்க ஒரு பாய், ஜக்கில் தண்ணீர், ஜன்னலுக்குத் தன் பழைய சேலையில் ஒரு திரை. மாதா படம் மாட்டவில்லையா என்று சீண்டினேன். “மாதாவ மாட்டினா மாரியம்மா கோவிச்சுக்குவா. ரெண்டு பேரையும் மாட்ட இடம் பத்தாது. செவுரு சும்மா கெடக்கட்டும்” என்றார். அங்கே ஒரே சட்டம்தான். உள்ளே போகிறவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது.

முதலில் உட்கார்ந்தது நான். என்னைத் தேடி வந்த யாரிடமோ, “மிஸ் வேலையாத்தான் இருக்காங்க” என்று அக்கா வெளியே நின்று சொன்னது காதில் விழுந்தது. மழை நாளெல்லாம் போனேன். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். புருஷனிடம் அடி வாங்கி வந்தவள், பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுவாரமே வேலைக்கு வந்தவள். ஒருநாள் டீமேக்கரே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கால்மணி நேரம் இருந்தார். யாரும் கேட்கவில்லை.

அக்கா இறந்த அன்று காலை, அவர் அந்த அறைக்குள் போவதைப் பார்த்தேன். அத்தனை வருடங்களில் தனக்காக அவர் அங்கே போனதே இல்லை. பின்னாலேயே போனேன். மூடிய கதவுக்குப் பின்னால் மூச்சு இரைத்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். சட்டம் சட்டம்தானே என்று இறக்கிக்கொண்டேன். வெளியே வந்தபோது அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. இடது தோளைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். கேட்காமல் விட்டதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நேரத்தோடு கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் இத்தனை நாளும் விழிக்கிறேன், சாப்பிடுகிறேன்.

அடக்கம் முடிந்த வாரம் டீமேக்கர் என்னைக் கூப்பிட்டார். “இனி துண்டு இல்லாம யாரும் அந்த ரூமுக்குப் போக வேணாம் மிஸ். இன்னொரு ஆள் செத்தா யாரு பொறுப்பு?”

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. துண்டு கேட்டால் ஒருத்தியும் வரமாட்டாள். கேட்காவிட்டால், உள்ளே ஒருத்திக்கு என்னவாகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? “நான் பொறுப்பு மஹத்தயா” என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

நேற்று சல்லடை அறைப் பெண் ஒருத்தி உள்ளே போனாள். ஐந்து நிமிடம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியாமல் கதவைத் தட்டினேன்.

“ஏன் வந்தேன்னு சொல்ல வேணாம். ஒடம்புக்கு ஒண்ணுமில்லதானே, அத மட்டும் சொல்லு.”

கதவில் காதை வைத்தேன். பிறகு, “ஒண்ணுமில்லீங்க மிஸ்” என்றாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த அறையையும் அவருடைய சட்டத்தில் பாதியையும்தான். மறு பாதியை இனி மீறிக்கொண்டேதான் இருப்பேன். தட்டிவிட்டுப் பதில் வரும்வரை, ஒவ்வொரு முறையும், உள்ளே இருப்பது அக்காதான் என்று பயந்துகொண்டு நிற்கிறேன்.