திராட்சைத் தோட்டம் இல்லாத தெரு

சுருளிப்பட்டியில் அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தது நான்தான். திராட்சை விவசாயக் குடும்பங்களின் வாழ்க்கை நிலை என்பது என் முதுகலை ஆய்வுத் தலைப்பு. பழனிசெட்டிபட்டியிலிருந்து ஸ்கூட்டியில், பை நிறையக் கேள்வித்தாள்களோடு, ஊரையே அளந்துவிடும் வேகத்தில் போய் இறங்கினேன். கேள்விகள் எல்லாம் நானே தயாரித்தவை. அவற்றில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்கப் பதில்களில்தான்.

முதல் வீட்டில், "டிவி இருக்காக்கா?" என்றேன்.

"இல்ல ஆத்தா."

உள்ளே ஒரு சீரியல் மாமியார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் கேக்குதே?"

"அது என் தம்பி டிவி. சும்மா இங்கன வச்சிருக்கான்."

அடுத்த வீட்டு பைக்கும் தம்பியுடையது. அதற்கடுத்த வீட்டு ஃபிரிட்ஜும் அப்படியே. தோட்டமோ யாருக்குமே இல்லை. தெருமுனையில் தொடங்கி மலையடிவாரம் வரை பந்தல் பந்தலாகக் காய்த்துத் தொங்கியதெல்லாம் தானாக முளைத்தது போலிருக்கிறது. கணக்கெடுக்க ஆள் வருகிறது, வசதி இருக்கிறதென்று சொன்னால் ரேஷன் அரிசி நின்றுவிடும் என்ற செய்தி எனக்கு முன்பே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"நான் காலேஜ் பொண்ணுக்கா. இதனால உங்களுக்கு நல்லதும் வராது, கெட்டதும் வராது" என்றேன்.

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்றாக."

சரி, கடைசி ஆயுதத்தை எடுப்போம் என்று நினைத்தேன். கள ஆய்வில் ஒரு வழக்கம் உண்டு. சில வீடுகளைப் பற்றி வேறொருவர் வந்து மறுபடி விசாரித்து, பதில்களைச் சரிபார்ப்பார். "எனக்குப் பின்னாடி இன்னொருத்தர் வந்து அக்கம்பக்கத்துல கேப்பாக. ரெண்டு பதிலும் ஒண்ணா இருக்கணும்" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். உண்மை வெளியே வரப்போகிறது என்று பூரித்துப் போனேன்.

கடைசி வீட்டு அம்மாவும் தோட்டம் இல்லை, தண்ணீர் இறைக்கப் போர் இல்லை என்றே எழுத வைத்தார். ஆனால் மனசு வேறெங்கோ இருந்தது.

"மகளுக்குச் சின்னமனூர்லருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு ஆத்தா. ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. பையன் வீட்டாளுக சொல்லாம கொள்ளாம வந்து அக்கம்பக்கத்துல விசாரிப்பாகளாம். இது தட்டிப்போச்சுன்னா எம்மக சோறு திங்க மாட்டா" என்றார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. மகள் அங்கேதான் இருந்தாள்.

அப்போது எதிர்வீட்டு அக்கா மூச்சிரைக்க உள்ளே வந்தார். முகமெல்லாம் பெருமை.

"மதினி, கவலைய விடு. பின்னாடி வர்ற ஆளுக வந்து உங்க வீட்டப் பத்திக் கேட்டாக. இந்தப் புள்ள சொன்ன மாதிரியே ஒண்ணுபோலச் சொல்லிட்டோம். தோட்டம் இல்ல, போர் இல்ல, வீடுகூட ஒழுகுதுன்னு நானே சேத்துவிட்டேன்."

நான் யாரையும் அனுப்பவில்லையே! "எப்படி இருந்தாக?" என்றேன்.

"ஒரு அம்மா, பட்டுச்சேல. கூட வீட்டுக்காரரு. கையில ஸ்வீட் பாக்ஸ்கூட இருந்துச்சு. நல்ல ஆபீசருக."

"அடி பாவி மகளே!" என்று அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அது சம்பந்தக்காரவுகடி!"

எதிர்வீட்டு அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் பறந்தேன். பட்டுச்சேலைக்காரர் பையனின் அத்தை. ஸ்வீட் பாக்ஸைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கேள்வித்தாள், மறுவிசாரணை, மாதிரி வீடுகள் என்று நான் மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப சொன்னது பொய், இப்பச் சொல்றது நெசமா? இல்ல, இதுதான் பொய்யா?"

நான் அத்தாட்சிக்குக் கேள்வித்தாளை எடுத்து நீட்டினேன். எதிர்வீட்டு அக்காதான் வாயைத் திறந்தார்.

"பின்ன என்ன தாயி? அவுக வீட்டு அரிசி நின்னு போச்சுன்னா நாங்க பாத்துக்கிட்டா இருப்போம்? அந்த மதினிக்காக நான் இன்னும் நாலு பொய் சொல்லுவேன்."

அத்தை தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டீகளா? நம்ம தெருவுல பக்கத்து வீட்டப் பத்தி இல்லாததும் பொல்லாததுமாப் பேசுறாளுக. இங்கன தெருவே சேந்து ஒருத்திக்காகப் பொய் சொல்லுது. வாங்க, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்."

வீட்டுக்குள் அவர்கள் கால் வைத்ததும் மகள் சமையலறைக்குள் மறைந்தாள். அம்மா என் கையைப் பிடித்தார். "ஆத்தா, மொதல்ல இருந்து கேளு. சத்தமாக் கேளு."

புதுத்தாள் எடுத்தேன். தோட்டம் வந்தது, போர் வந்தது, டிவி வந்தது. தம்பிகள் எல்லாரும் மறைந்து போனார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அத்தை தலையாட்ட, எனக்கும் உற்சாகம் ஏறி, அடுத்த கேள்வி என்னவென்று பார்க்காமலே வாசித்துவிட்டேன்.

"குடும்பத்தில் யாருக்காவது மதுப்பழக்கம் உண்டா?"

அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா, தலைக்கு மேலே சுற்றிய ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் வீட்டுக்காரரும் அதே ஃபேனைத்தான் பார்த்தார்.

அத்தை இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஸ்வீட் பாக்ஸைப் பிரித்து, முதல் துண்டை என் கையில் வைத்தார்.

"அந்தக் கேள்விய விடும்மா. அடுத்ததுக்குப் போ."