அப்பா உள்ளே போட்ட இலை

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அப்பாவின் படத்துக்கு அருகே ஒரு வெறும் கட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுப் பிழை அல்ல. அச்சகத்திலிருந்து மூன்று முறை போன் செய்து, "சார், ஒரு போட்டோ விட்டுப்போச்சு. வேணும்னா ஒரு ரோசாப்பூ வச்சிரட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்தக் கட்டம் அப்பாவைப் பெற்ற தாத்தா அவர்களுடையது. அவருக்குப் படம் கிடையாது. இருபத்தாறு வயதில் அடித்துக் கொல்லப்பட்டவர். எனக்கு இப்போது நாற்பத்தேழு. என்னைவிட இருபத்தொரு வயது இளைய தாத்தா எனக்கு.

அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் நீங்கள், "அப்பனுக்கு மலர் போடச் சொன்னா தாத்தனப் பத்தி எழுதுதானே" என்று கேட்கலாம். அப்பாவைப் பற்றி மட்டும் எழுதினால் அப்பாவுக்கே கோபம் வரும். அவரது கடைசி ஆறேழு மாதம் முழுக்க அவர் பேசியது தாத்தாவைப் பற்றித்தான்.

அப்பா வெம்பக்கோட்டைக்கு மேற்கே, மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் என்று பிழைத்த ஒரு கிராமத்தில் பிறந்தார். (சென்னைச் சொந்தங்களுக்கு: இங்கே ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி இல்லை, மருந்தும் குச்சியும்.) அப்பாவுக்கு நான்கு வயதாகும்போது, தாத்தா வேலை பார்த்த ஆபீசில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். தாத்தாவும் இறந்தார். "உள்ள உக்காந்து பீடி குடிச்சான், அதான் பத்திக்கிச்சு" என்று ஊர் சொன்னது. ஊருக்கு ஆபீஸ்காரர்கள் சொன்னார்கள். அப்பத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு வந்துவிட்டார். அவருக்கு உண்மை தெரியுமா என்பது தெரியாது. இருக்கிற ஒரு பிள்ளையை உயிரோடு வளர்க்க வேண்டியவர், வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்.

அப்பாவோடு ஒரு பட்டப்பெயரும் சேர்ந்து வளர்ந்தது. பீடிக்காரன் மகன். எந்தத் தீப்பெட்டி ஆபீசும், எந்த வெடி ஆபீசும் அவரை உள்ளே விடவில்லை. காலண்டர் அச்சகம் ஒன்றில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் அங்கேயே இருந்தார். பீடியைத் தொட்டதில்லை. பக்கத்தில் ஒருவர் பற்றவைத்தால் எழுந்து போய்விடுவார். அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோது, "மாப்பிள்ளை நல்ல பையன்தான், அவுக அப்பன்தான் ஊரக் கொளுத்துனவன்" என்று ஆறு மாதம் இழுத்தடித்தார்கள். நேர்மை, உழைப்பு, பிடிவாதம் மூன்றும் அப்பாவிடம் உண்டு. முதல் இரண்டும் எனக்கு வரவில்லை என்று அம்மா சொல்வார். மூன்றாவதும் வரவில்லை என்பது எனக்கே தெரியும்.

இவை எல்லாவற்றையும் விட அப்பாவைச் சுட்டது ஒன்று உண்டு. எங்கள் குலசாமி கோயிலில் மாசி மாதம் படைப்பு. பங்காளிகள் எல்லாரும் கூடி, வம்சத்தில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட்டு, சோறும் கறியும் பொங்கலும் படைப்போம். படைத்த இலையில் பங்காளி ஒருவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இலை சும்மா கிடந்தால் அந்த ஆத்மாவுக்கு அவமானம். தாத்தாவுக்கு மட்டும் இலை கிடையாது. "கொலகாரப் பாவிக்கு எலையா?" என்று முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு மாசியும் அப்பா அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து பரிமாறுவார்.

இனி என் வீரக் கதை.

பட்டாசு ஆபீசில் பேப்பர் குடோனுக்கு நான் பொறுப்பு. பழைய செய்தித்தாளைப் பசை தடவிக் கம்பியில் உருட்டினால் வெடிக் குழாய். தீபாவளி முடிந்த மறுநாள் தெருவில் துண்டு துண்டாகக் கிடப்பதெல்லாம் பழைய செய்திதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சீசன் உச்சத்தில் இருந்தபோது, விருதுநகரில் ஒரு வக்கீல் வீட்டை இடிக்கிறார்கள் என்று அங்கிருந்து ஒரு லோடு பேப்பர் வந்தது. பரணில் கிடந்த அரதப் பழசு. குழாய் உருட்டும் பெண்கள் முதல் கட்டுப் பேப்பரை நனைத்து நனைத்து எப்படியோ உருட்டிவிட்டார்கள். இரண்டாவது கட்டில் கையை விரித்துவிட்டார்கள்.

"அண்ணே, இது பேப்பரா அப்பளமா? தொட்டா நொறுங்குது."

"ஆர்டர் நிக்குதும்மா, பாத்து உருட்டுங்க."

"நீங்க வந்து ஒண்ணு உருட்டுங்க, நாங்க நின்னு பாக்கோம்."

உருட்டப் போனேன். கம்பியில் வைத்த தாள் நடுவில் ஒடிந்து, எங்கள் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. அடுத்த வரியில் தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், வயது. பீடி புகைத்ததே விபத்துக்குக் காரணம் என்று நிர்வாகத்தினர் தெரிவித்ததாகப் போட்டிருந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. சுற்றி இருந்த பெண்களில் யாரோ எழுத்துக் கூட்டிப் படித்து, மறுபடியும் அந்தப் பட்டப்பெயரை ஊதிவிடுவார்களோ என்று பயம். "இந்தக் கட்டு ஆகாது, தனியா வைங்க" என்று முதலாளி தோரணையில் சொல்லிவிட்டு, குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டு முழுவதையும் பிரித்தேன்.

சில வாரம் தள்ளிய இதழ் ஒன்று அதில் இருந்தது. விசாரணைச் செய்தி. ஒரு பெண் தொழிலாளி சாட்சி சொல்லியிருந்தார். வேலை முடியும்வரை யாரும் வெளியேறக் கூடாது என்று கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது. தீப்பிடித்தபோது தாத்தா வெளியில், கிணற்றடியில் இருந்தார். கடப்பாரையை எடுத்து வந்து பூட்டை உடைத்தார். இரண்டு முறை உள்ளே போய் ஆட்களை இழுத்து வந்தார். அந்தப் பெண்ணும் அப்படி வந்தவர்தான். மூன்றாவது முறை போகும் முன், ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர் வந்து, பூட்டை உடைத்தவன் யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றார். உடைந்த பூட்டும் உடைத்த ஆளும் போலீஸ் கையில் கிடைத்தால் பூட்டியிருந்தது நிரூபணமாகிவிடும். தடியால் மண்டையில் அடித்து, தீக்குள் தள்ளினார்கள். டாக்டரும் தலைக் காயத்தால் மரணம் என்றே சாட்சி சொல்லியிருந்தார்.

தீர்ப்பு என்ன ஆனது? தெரியாது. அந்த இதழ்கள் முதல் கட்டில் இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே உருட்டி, மருந்து அடைத்து, பெட்டியில் போட்டு, லாரியில் ஏற்றியாகிவிட்டது. என் தாத்தா வழக்கின் தீர்ப்பு அந்தத் தீபாவளிக்கு எந்த ஊரிலோ யார் வீட்டு வாசலிலோ வெடித்திருக்கிறது.

ஓர் ஆண்மகன் அந்தக் காகிதத்தைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி வெளியே வந்திருப்பான். நான் அதை மடித்து, பனியனுக்குள் செருகினேன். வெடி ஆபீசில் சம்பளம் வாங்குகிறவன் இதையெல்லாம் கிளறினால் வேலை போகுமே என்ற பயம் வேறு. சாயந்திரம் வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தால், மடிப்பில் ஒரு வரி காணோம். சாட்சி சொன்ன அந்த அம்மாளின் பெயர் இருந்த வரி. எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய அந்த ஒரு பெயர், என் தொப்பை வியர்வையில் ஒட்டி, குளிக்கும்போது தண்ணீரோடு போய்விட்டது. படித்தபோது பார்த்தேன், நடுக்கத்தில் மனதில் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே எதையும் சொல்லிவிடுகிறவன் நான். இதைச் சொல்லும்போது மட்டும் இன்றுவரை சிரிப்பு வருவதில்லை.

முதல் செய்தியையும் இதில் மீதியையும் காப்பாற்ற ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் படித்துவிட்டு, "அண்ணே, இவுக உங்க சொந்தமா?" என்றார்.

"சேச்சே. ஒரு ஆராய்ச்சிக்கு."

"நீங்களா? ஆராய்ச்சியா?"

உயிரைக் கொடுத்தவரை, ஒரு ரூபாய் ஜெராக்ஸ் கடையில் எனக்குத் தெரியாது என்றேன். அப்புறம் அப்பாவிடம் சொல்ல நாள் பார்த்தேன். சீசன் முடியட்டும். கார்த்திகை முடியட்டும். மார்கழியில் சாவுப் பேச்சு வேண்டாம். தைப்பொங்கலும் அதுவுமாக எதற்கு. கடைசியில் அம்மாதான் பீரோவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவரைக் கண்டுபிடித்தார். "ஏலே, யாரு எழுதுன லெட்டரு இது, இம்புட்டு பத்திரமா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டபிறகு, வேறு வழியில்லாமல் அப்பா முன்னால் உட்கார்ந்து வாசித்தேன்.

முடித்ததும் அப்பா, "பூட்ட ஒடச்சது யாருன்னு கேட்ட எடத்த இன்னொருக்கா படி" என்றார். படித்தேன். "நான்தான்னு சொன்னாகளா?" ஆமாம் என்றேன். அப்பா, "அறுவது வயசுக்கு மேல ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் எங்கய்யாவ மனசுக்குள்ள ஏசிக்கிட்டே இருந்துட்டேனேலே" என்றார். அழுவார் என்று துண்டை எடுத்து நீட்டினேன். அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மாசிக்கு எலை போடணும். நீ வாசிக்கணும்."

அன்றிலிருந்தே, மாசியில் எனக்குக் காய்ச்சல் வராதா என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

படைப்பன்று மத்தியானம், எல்லாப் பங்காளிகளும் கூடியிருக்க, அப்பா விஷயத்தைச் சொன்னார். அவர்களில் மூத்தவரான ஒன்றுவிட்ட பெரியப்பா, "பேப்பர்ல போட்டா நெசமாயிருமா? சரி, படிக்கச் சொல்லு" என்றார். நான் எழுந்தேன். சட்டைப் பையில் இருந்த ஜெராக்சை எடுத்து, கணீரென்று வாசித்தேன். பீடி புகைத்ததே விபத்துக்குக் காரணம் என்று முடியும்வரை வாசித்தேன். ஆமாம், முதல் செய்தியை. கூட்டத்தில் ஒருவர், "இதத்தானேப்பா நாங்களும் அறுவது வருசமா சொல்லுதோம்!" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்பா என்னைப் பார்த்த பார்வைக்குத் தீ தேவலை.

அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து, "எய்யா, அது இல்லய்யா! மஞ்சப் பையில இருக்கத எடு!" என்று சத்தம் போட்டார். எடுத்தேன். இரண்டாவதை வாசித்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "சரிப்பா. அவரு மேல குத்தமில்ல, ஒத்துக்கிடுதேன். ஆனா துர்மரணம். உள்ள வரிசைல போட மொறை இல்ல. வெளிய வேப்பமரத்தடியில போட்டுக்க."

"உள்ள மாட்டுனவுகள வெளிய கொண்டாந்தவரு எங்கய்யா. அவருக்கு எலை வெளியவா?"

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"கதவப் பூட்டுனவன் மொறையத்தானே அவரு ஒடச்சாரு? உள்ளதான் போடுவேன். தடுக்கவன் தடு."

அப்பாவே இலையை விரித்தார். பதினோரு இலை இருந்த வரிசையில் பன்னிரண்டாவது. தண்ணீர் தெளித்து, அவரே சோறு வைத்தார். யாரும் தடுக்கவில்லை. யாரும் உட்காரவும் இல்லை. நான் உட்காரப் போனேன். "நீ தள்ளு" என்று அப்பாவே உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லை. "இன்னும் கொஞ்சம் பொங்கல் வை" என்றார். அம்மா, "சுகரு முந்நூறு இருக்கு, எங்கய்யா எங்கய்யான்னு நீங்களும் போயிராதீக!" என்று கத்தினார். அப்பா அதையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. ஜெராக்ஸை வீட்டு வாசல் கதவில் ஒட்டினார். டீக்கடையில் கொடுத்தார். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயில் பஸ்ஸில் சீட்டுக்கு ஒன்றாக வைத்தார். கண்டக்டர் சினிமா நோட்டீஸ் என்று நினைத்து, "என்னைக்குங்க ரிலீசு?" என்று கேட்டாராம். "லேட்டாத்தான் ரிலீசு" என்று சொல்லியிருக்கிறார். ஆவணியில் மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் இரண்டே நாள். ஊசி போட வந்த நர்சம்மாவுக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார். தலைநிமிர்ந்தபடியே போனார்.

சாவுத் தீட்டு ஒரு வருஷம். கடந்த மாசிப் படைப்புக்கு நாங்கள் போக முடியவில்லை. எங்கள் வீட்டு ஆள் இல்லாமல் தாத்தாவுக்கு யார் இலை போடுவார்கள் என்று அன்று முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மணிக்கு செல்போன் அடித்தது. பெரியப்பா.

"ஏலே, எலை போட்டாச்சு."

"எந்த இலை பெரியப்பா?"

"உங்க தாத்தன் எலைதாம்லே. உள்ளதான். நானே உக்காந்து சாப்பிட்டேன்."

"போன வருசம் வெளியன்னு சொன்னீகளே?"

"வெளிய போட்டா உங்கப்பன் வந்து எடுத்து உள்ள போடுவான். அந்தச் சண்டைய இன்னொருக்கா பாக்க எனக்குத் தெம்பில்ல."

"அப்பா போயி ஆறு மாசம் ஆச்சு, பெரியப்பா."

"தெரியும்லே. அவன் வருவான்." போனை வைத்துவிட்டார்.

அப்பாவின் கடைசி நாட்களில் உடன் நின்ற உறவினர்களுக்கும், ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்த அச்சக நண்பர்களுக்கும், அப்பளம் என்று சொல்லி அந்தக் கட்டை உருட்ட மறுத்த சகோதரிகளுக்கும், பெரியப்பா அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பூட்டியிருந்தது என்று அத்தனை பேர் முன்னால் பயமில்லாமல் சொன்ன, நான் பெயரைத் தொலைத்த அந்த அம்மாளுக்கு, எங்கள் வம்சம் இருக்கும்வரை நன்றி. அவர் குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து வீட்டுக்கு வாருங்கள். பெயரைச் சொல்லுங்கள். இந்த முறை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

வரும் மாசியில் தாத்தாவுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கும் இலை போடுகிறோம். இரண்டும் உள்ளேதான். அனைவரும் வருக. ஆட்சேபம் உள்ளவர்கள் முதலில் உட்கார்ந்து சாப்பிடவும், பிறகு பேசலாம்.