சாமுவின் டிராக்கை மியூட் செய்த அன்று

1. டபுள்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடியில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சர்ச் பாட்டு, பள்ளி ஆண்டு விழா, துணிக்கடைக்காரர்கள் ஆட்டோவில் போட்டுச் சுற்றும் விளம்பரம், இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. சில வருடங்களாக ராப் பாடும் பிள்ளைகளும் வருகிறார்கள். ராஜபாளையத்தில் இருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் பாட்டில் அந்த ஊர் நாய் குரைத்துவிடும். “ஏலே, நாய விட்டா உங்க ஊர்ல வேற எதுவுமே இல்லையா?” என்று கேட்பேன். சிரிப்பார்கள். மறுபடியும் நாயோடுதான் வருவார்கள்.

சாமுவேல் நாய் இல்லாமல் வந்தவன். சோழபுரத்துக்காரன், மில் வேன் ஓட்டுகிறான். அவன் தங்கை ரூத்துக்கு விசைத்தறியில் வேலை. பாட்டை இருவரும் சேர்ந்து எழுதுவார்கள், பாடுவது சாமு. ரூத் டபுள்ஸ் மட்டும் கொடுப்பாள். அதாவது அண்ணன் பாடிய அதே வரிகளை அவளும் பாடுவாள். அதைச் சன்னமாக அடியில் வைத்தால் அவன் குரல் கனமாகக் கேட்கும். டபுள்ஸ் கொடுப்பவரை முழுப் பாட்டும் பாட வைத்துவிட்டு, வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுப்பது என் வழக்கம்.

மதுரையில் ஒரு மியூசிக் கம்பெனி புதுக் குரல்களைத் தேடியது. ஸ்டுடியோவுக்கு ஒரு பாட்டு, ஒரு குரல், அவ்வளவுதான். விசைத்தறி வேலையைப் பற்றிச் சாமு பாடிய பாட்டை அனுப்புவதாக இருந்தேன். வேனை விட்டுவிட்டுப் பாட்டுக்கே வந்துவிட வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாள் ஆசை.

2. மியூட்

அனுப்ப வேண்டிய அன்று மதியம், மிக்ஸில் எங்கோ கர்ரென்று ஒரு சத்தம். எந்த டிராக்கில் இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொன்றாக மியூட் செய்தேன். சாமுவின் டிராக்கை மியூட் செய்ததும் ரூத்தின் குரல் மட்டும் தனியாக வந்தது. சூப்பர்வைசரைத் திட்டும் வரியில் அவள் லேசாகச் சிரிக்கிறாள். சாமு கத்திய இடத்தில் இவள் குரலை இறக்குகிறாள். ஒரு வார்த்தை நழுவவில்லை. கர்ர் சத்தத்தை நான் மறந்தே போனேன்.

சாயங்காலம் இருவரையும் வரவழைத்துப் போட்டுக் காட்டினேன்.

“எப்படிட்டி இம்புட்டு தெளிவா வருது?” என்றேன்.

“தறிச் சத்தத்துல பக்கத்துல நிக்கவ காதுல விழணும்லக்கா? அப்படியே பழகிருச்சு,” என்றாள் ரூத். பிறகு அண்ணனைப் பார்த்தாள். “எனக்கு வேண்டாங்க்கா. அண்ணன் பாடுனதயே அனுப்புங்க.” அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: “இன்னொருக்கா போடுதீகளா?”

இரண்டாவது முறை ஓடும்போது சாமு பாட்டைக் கேட்கவில்லை, தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டான்.

“யக்கா, மழுப்பாமச் சொல்லுங்க. என் குரலு எப்படி?”

பாட வருகிற எல்லோரிடமும் “சூப்பர்” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகியிருந்தது. அன்று அது வரவில்லை.

“சுமார்தாம்லே. அவ குரலு ஆள நிக்க வைக்குது.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு உள்ளே போய் ரூத்திடம், “ஏட்டி, உன் குரல்லயே போகட்டும். கம்பெனிக்காரவிய கூப்பிட்டா நான் கொண்டுபோய் விடுதேன். நீ லீவு மட்டும் சொல்லிரு,” என்றான்.

“நெசமாவாண்ணே?” என்றவள் அழுதுவிட்டாள்.

அவளை எடுத்துக்கொண்டார்கள்.

3. புதிதாக வருகிறவர்களுக்கு

“ரூத்த நீங்கதான் கண்டுபிடிச்சீகளாக்கா?” என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடியில் வைத்த டிராக்கையும் ஒரு தடவை தனியாகக் கேளுங்கள், போதும். படிக்கட்டில் நின்று சாமுவிடம் சொன்னேனே, அதுதான் கஷ்டம். அதைச் சொல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

சாமு அதற்குப் பிறகு பாடவில்லை. தங்கையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருக்கிறான். மேலே வரச் சொன்னால், “இருக்கட்டும்க்கா” என்கிறான். ரூத் பாடிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு டீயை நானே கீழே கொண்டுபோகிறேன்.