ஸ்ட்ரெச்சர் திரும்பும் இடம்

நாங்கள் வரைபடம் போடும் கப்பல் எந்த நாட்டுக்காக என்று வெளியே சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். என்ன கப்பல் என்று சொல்லலாம்: படையிறக்கும் கப்பல். துறைமுகமே இல்லாத கரைக்கு எதிரே நின்று, பின்பக்கக் கதவைத் திறந்து, கடல் தண்ணீரைத் தானே உள்ளே விட்டுக்கொள்ளும். வயிற்றுக்குள் இருக்கும் படகுகள் மிதந்து, சிப்பாய்களோடும் வண்டிகளோடும் கரைக்கு ஓடும். மேல்தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் கிளம்பும். போனவர்களில் அடிபட்டுத் திரும்புகிறவர்களுக்குக் கப்பலிலேயே ஆஸ்பத்திரி.

மேல்தளத்திலிருந்து ஆபரேஷன் அறைவரை ஸ்ட்ரெச்சர் போகும் வழியை வரைவதுதான் அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த வேலை. விதி ஒன்றுதான்: எங்கேயும் ஸ்ட்ரெச்சரைச் சாய்க்கக்கூடாது. ஒவ்வொரு மூலையிலும் திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து இரண்டு வருஷம் மாரடித்தேன். ஒரு மூலையில் நான்கு விரற்கடை குறைந்ததற்காகக் குழாய்களையெல்லாம் இடம் மாற்றச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் பீர்க்கன்கரணையில் இரண்டாவது மாடியில் ஃப்ளாட் வாங்கினேன். டேப்போடு போய் பீரோ நிற்குமா, ஃப்ரிட்ஜ் நுழையுமா, அம்மாவின் கட்டில் ஜன்னலோரம் வருமா என்று அளந்தேன். மாடிப்படியை அளக்கவில்லை. "ரெண்டு மாடிக்கு லிஃப்ட் எதுக்கு சார், ஏறி இறங்கினா ஒடம்புக்கு நல்லது" என்றார் பில்டர். நானும் மண்டையை ஆட்டினேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

ஒரு ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. ஆம்புலன்ஸில் வந்தவர் படி திரும்பும் இடத்தைப் பார்த்தார்.

"ஸ்ட்ரெச்சர் திரும்பாது சார். சேர் ஒண்ணு குடுங்க."

"இடுப்புல அடிங்க. உட்கார வைக்கவே கூடாது."

"எனக்கு மட்டும் தெரியாதா சார்? வேற வழி இன்னா கீது, சொல்லுங்க."

சாப்பாட்டு மேஜை நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்துத் பழைய புடவையால் கட்டினோம். டீச்சராக இருந்த காலத்தில் பிள்ளைகளை அதட்டக்கூடத் தெரியாதவள், ஒவ்வொரு படிக்கும் அலறினாள். நாற்காலியின் ஒரு காலை நான் பிடித்திருந்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் இனிமேல் படி ஏறமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு அழைத்துப்போக வந்த அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடி அந்த நாற்காலியில மட்டும் என்னைத் தூக்காதப்பா. எங்கயாவது கீழயே இருந்துக்கறேன்."

ஃப்ளாட்டை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் வீடு பார்க்கலாம் என்றால், வாங்க ஆள் வரவில்லை. பெருங்களத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில், தரைத்தளத்தில், அம்மாவைச் சேர்த்தேன். கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. என்மேல் எனக்கு வரும் ஆத்திரத்தைக் கொட்ட இடம் தெரியாமல் ஆபீஸில் எல்லோர்மேலும் எரிந்து விழுகிறேன்.

போன ஞாயிறு பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சண்டைக் கப்பல்ல அடிபட்டவங்களைத் தூக்கிட்டுப் போக வழி போடறது என் பையன்தான். கொஞ்சம்கூட அலுங்காம கொண்டு போயிடலாமாம்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ அம்மாவை எப்போ வூட்டுக்குக் கூட்டினு போற?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவனுக்கு வேலை ஜாஸ்தி."