அம்மாவின் நீலக்கால்

டோர்ட்மண்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எந்தத் தமிழ்க் கலியாணம் என்றாலும் மணப்பொம்பிளைக்குச் சேலை உடுத்திவிட என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. பட்டம் பெற்ற இரண்டு பிள்ளைகள் இன்று என் சேலைக்கடையில் வேலைக்கு நிற்கிறார்கள். இந்தக் கையை யாரும் பழக்கிவிடவில்லை. பதின்மூன்று வயதில் நானே ஒரு சேலையை வெட்டிப் பழகினேன். அது அம்மாவின் சேலை என்பதுதான் சிக்கல்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எங்கள் தெருவுக்கு முதல் பஸ் வருவதே ஆறேகாலுக்கு. நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பிடிப்போம் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். அப்பா பழைய சாமான் சந்தையில் ஒரு பச்சைச் சைக்கிள் வாங்கி வந்தார்.

மூன்று ஞாயிறு அப்பா அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மூன்று ஞாயிறும் அம்மா இரண்டு மிதி மிதித்துவிட்டு இறங்கிவிட்டார்.

“சீலை சங்கிலிக்குள்ள போகுதப்பா. ஏலாது.”

“அப்ப காற்சட்டையைப் போடுமன்.”

“காற்சட்டையோ? ஊர் சிரிக்கும்.”

“எந்த ஊர்? டோர்ட்மண்டோ, அங்கை எங்கட இளவாலையோ?”

“ரெண்டும்.”

எங்கள் கட்டடத்து நாலாம் மாடியில் பூனாவிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பிள்ளையார் சதுர்த்தி அன்று அந்த அக்கா படியிறங்கி வந்தபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன். பட்டுச்சேலைதான், ஆனால் இரண்டு காலுக்கும் தனித்தனியாகப் பிரிந்து, பின்னால் இறுக்கிச் செருகியிருந்தது. அப்படியே காலைத் தூக்கிப் போட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலையே அவர் கதவைத் தட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராத்தி தெரியாது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஜெர்மன் போதுமாக இருந்தது. உள்பாவாடை கிடையாது. இடுப்பைச் சுற்றி முன்னால் ஒரு முடிச்சு. தலைப்பைத் தோளில் போட்டு, மிச்சத் துணியை முன்னால் கொசுவி, அதன் கீழ்க்கரையைக் கால்களுக்கு நடுவால் பின்னுக்கு எடுத்து இடுப்பில் செருக வேண்டும். இன்னொரு தரம் காட்டவா என்று அக்கா கேட்டார். தேவையில்லை என்றுவிட்டேன். ஒரே ஒரு தடவை பார்த்தேன், இன்றுவரை மறக்கவில்லை.

ஆனால் அது ஒன்பது கஜம். அம்மாவிடம் இருந்ததெல்லாம் ஆறு. வரும் திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை அவர் கடைக்குப் போன நேரம், சின்னம்மா பாரிஸிலிருந்து அனுப்பிய நீல நைலக்ஸ் சேலையைச் சரிபாதியாக வெட்டி, ஒரு மஞ்சள் சேலையோடு கூட்டித் தைத்தேன். ஆறும் மூன்றும் ஒன்பது. என்னைக் கணக்கில் பெயில் விட்ட வாத்தியார் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

“எடி குரங்கு! தங்கச்சி தந்த சீலையையோ வெட்டினனி?”

அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். “வெட்டினது வெட்டினதுதான். இனி உடுத்தாவது பாருமன்.”

ஞாயிறு மத்தியானம், மாதா கோயிலுக்குப் போய் வந்ததும் உடுத்திவிட்டேன். இடது கால் மஞ்சள், வலது கால் நீலம். வாசலில் நின்ற கீழ்வீட்டு ஜெர்மன் தாத்தா, சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மேலும் கீழும் பார்த்தார். மஞ்சள் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் குழுவின் நிறம். நீலம் பக்கத்து கெல்சென்கிர்ச்சன்காரர்களுடையது. இரண்டு ஊருக்கும் ஆகவே ஆகாது. “மஞ்சள் கால் அருமை. அந்த நீலக்காலோடு இந்தத் தெருவில் மெதுவாகப் போகாதே, வேகமாகப் போ” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“முடிச்சு அவிழ்ந்தால்?”

“அவிழாது அம்மா.”

“சங்கிலியிலை கொழுவினால்?”

“கொழுவ அங்கை துணியே இல்லை. பாருங்கோ.”

“தைச்சது பிரிஞ்சால்?”

“இரட்டைத் தையல்.”

அம்மா இன்னும் எதையோ தேடுவதுபோலச் சேலையைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஏறினார். அப்பா பிடித்துக்கொண்டு ஓடி, பாதியில் கையை விட்டார். ஒரு கால் மஞ்சள், ஒரு கால் நீலம், மாறி மாறி மேலே வந்தன. தெருமுனை வரைக்கும் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தாராம். மத்தியானம் திரும்பி வந்தவரைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. சமையலறையில் கொடுத்த வெள்ளைக் காற்சட்டையோடு மிதித்து வந்தார். என் ஒன்பது கஜமும் மடித்தபடி கூடைக்குள் கிடந்தது.

“கட்டு அவிழ்ந்ததோ?”

“இல்லையடி. காற்சட்டை தந்தினம், போட்டன்.”

ஊர் சிரிக்கும் என்றவர் ஒரு சொல் சொல்லாமல் போட்டுக்கொண்டது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

என் கடைத் திறப்பு விழாவில்தான் அம்மா வாயைத் திறந்தார். வந்தவர்களுக்கெல்லாம் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: “எனக்குச் சைக்கிளெண்டால்தான் பயம். பழியைச் சீலையிலை போட்டு வைச்சிருந்தன். அதையும் நீ வெட்டித் தைச்சுப்போட்டாய். பிறகு நான் ஏறாமல் என்ன செய்யிறது?”

அந்த ஞாயிறு தெருமுனையில் திரும்பி வரும்போது அம்மாவின் கண் சைக்கிளின் முன்சில்லை விட்டு அசையவில்லை. உதடுகள் மட்டும் விடாமல் அசைந்தன. என் கைவேலையைத்தான் புகழ்ந்துகொண்டு வருகிறார் என்று நினைத்து, வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.